நாலு மணிக் கட்டம்

தாராவி, மும்பை
2 ஜூன் 2024

உமைரா,

உன்னோடு இனிமேல் பேசுவதில்லை என்று உச்சினிமாகாளி மேல் சத்தியம் செய்திருக்கிறேன். அது பேசுவதற்குத்தான். எழுதுவதைப் பற்றி அம்மனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் நம்பரை பிளாக் செய்தது செய்ததுதான், எடுக்கப் போவதில்லை. கடையநல்லூர் விலாசத்தை உன் வீட்டுக்காரரிடம் வாங்கினேன். இரண்டு மாதமாக அவர் பட்டறை வந்தாலே ரோட்டின் எதிர்ப்பக்கம் நடந்தவள், நேராகப் போய் நின்றதும் அல்தாப் அண்ணன் பயந்துவிட்டார். "என்னம்மா, வீட்ல யாருக்கும் மேலுக்கு முடியலியா?" என்றார். விலாசம் என்றதும் சிரித்துவிட்டார்.

மறுபடி மஸ்கட் நர்ஸிங் பரீட்சைக்குத் தேதி வாங்கிவிட்டேன். ஜூலை 18, அதே அந்தேரி சென்டர். ஆகஸ்ட் கடைசி வரைதான் மஸ்கட் ஆஸ்பத்திரியில் என் பெயரை வைத்திருப்பார்களாம். இந்தத் தடவையும் பெயில் என்றால் பெயரை அடித்துவிடுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு ஆகப் போகிறது. அதற்குப் பிறகு யார் கூப்பிடப் போகிறார்கள்?

பயமாக இருக்கிறது உமைரா. இதை வேறு யாரிடம் சொல்ல? என் வீட்டுக்காரரிடம் சொன்னால் "டென்ஷன் மத் லே", கவலைப்படாதே என்று சொல்லிவிட்டு டிராம்பே பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறார். செம்பூரில் டூட்டி முடிந்ததும் சயானில் இறங்காமல் மாட்டுங்கா வரை போய், பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறேன். வீட்டில் மேல் அறை வெக்கையில் முடியவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஏப்ரலில் கம்ப்யூட்டர் மூலையில் ஓடிய கடிகாரம்தான் கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது.

அன்றைக்கு ரயிலில் லேடீஸ் டப்பாவில் நீ சொன்னதை மறக்கவில்லை. "உனக்கு வார்டு தெரியும், நர்ஸிங் தெரியாது." சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஆறு வருஷம் ஒரே வார்டில் வேலை பார்த்தோம். நீ எழுபத்தெட்டு மார்க், நான் நாற்பத்தொன்பது. ஏன்? அதை மட்டும் எழுது. நலம் விசாரிக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

மாரீஸ்வரி


கடையநல்லூர்
8 ஜூன் 2024

மாரி,

நலம் விசாரிக்க வேண்டாம் என்றால் விடுவேனா? என் நலத்தை நானே சொல்லிக்கொள்கிறேன். வயிற்றுப் பிள்ளைக்கு ஏழு மாதம் ஆகிறது. கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழைவதில்லை. பி.பி. நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. மஸ்கட்டில் என் இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்தாயிற்று. எழுபத்தெட்டு மார்க் வாங்கிய காகிதம் உம்மாவின் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் படுத்திருக்கிறது. எட்டு வாரமாக நீ என்னை பிளாக் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தாயே, இதையெல்லாம் நான் யாரிடம் சொல்லி அழுதேன் என்று நினைத்தாய்?

ரயிலில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. சொன்ன இடம் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை.

கேட்டாய் அல்லவா, ஏன் என்று. பரீட்சையில் வருகிற ஆஸ்பத்திரி நம்முடைய நர்ஸிங் ஹோம் இல்லை. அங்கே ஒரு நர்ஸுக்கு ஒரே ஒரு நோயாளிதான். ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாக இருக்காது. உறவுக்காரர்கள் வந்து கத்த மாட்டார்கள். "முதலில் என்ன செய்வாய்" என்று கேட்டால் நீ இருபத்திரண்டு கட்டிலையும் மனதில் வைத்துக்கொண்டு "டாக்டரைக் கூப்பிடுவேன்" என்று அழுத்துகிறாய். நம் வார்டில் அதுதான் வழக்கம். பரீட்சைக்காரனுக்கு அது வேண்டாம். நீ போய்ப் பார்த்தாயா, தொட்டாயா, எண்ணினாயா, அதுதான் அவனுக்கு வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். சார்ட்டில் மூச்சுக் கட்டத்தில் எண்ணிப் பார்த்து எழுதி எத்தனை நாள் ஆயிற்று? பதில் எழுதாதே, எனக்குத் தெரியும். எல்லாருக்கும் இருபது. கிழவனுக்கும் இருபது, கல்யாணப் பெண்ணுக்கும் இருபது. நாளையிலிருந்து ஆளுக்கு ஒரு முழு நிமிஷம், நெஞ்சைப் பார்த்து எண்ணு. பத்து நாள் செய்தால் கேள்வியைப் படிக்கிற கண்ணே மாறிவிடும்.

பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறாயே, மழை தொடங்கிவிடுமே. குடை வைத்துக்கொள்.

உமைரா


தாராவி
17 ஜூன் 2024

உமைரா,

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

நீ சொன்னபடி எண்ணத் தொடங்கினேன். இன்சார்ஜ் சிஸ்டர் கத்தினாள். "ஏக் மினிட்? ஹர் பேஷண்ட்? பாகல் ஹை க்யா?" நான் பைத்தியமாம். அதனால் வேலையை எப்போதும் போல முடித்துவிட்டு, பிறகு இரண்டு மூன்று பேரிடம் போய்ப் பரீட்சைக்காக எண்ணிப் பழகினேன். எப்போதும் போல என்றால் உனக்குத் தெரியும். நாலு மணிக் கட்டத்தை இரண்டு மணிக்கே நிரப்பிவிடுவது.

பதின்மூன்றாம் தேதி, ஒன்பதாம் நம்பர் கட்டில். முப்பிடாதியம்மாள் என்று நம்ம தாராவி ஆச்சி ஒருத்தி. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து மறுநாள். வலிக்கு ஊசி போட்டிருந்தது. இரண்டு மணிக்கு அவளுடைய நாலு மணிக் கட்டத்தில் இருபது என்று எழுதினேன். நாலு மணிக்கு வாட்சைக் கழற்றி எடுத்துக்கொண்டு பழகப் போனேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். "எழுப்பிராதீங்க சிஸ்டர். அம்மா இப்பதான் அசந்து தூங்குதா" என்றாள்.

எண்ணினேன். ஏழு.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். உதடு நீலமாக இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன், கண் திறக்கவில்லை. அப்புறம் நான் கத்தியது கீழே மெடிக்கல் கடை வரை கேட்டதாம். ஆக்ஸிஜன் வந்தது, டாக்டர் வந்தார், வலி ஊசியை முறிக்க மாற்று ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் ஆச்சி கண்ணைத் திறந்து "யாருட்டி அது கத்துதது" என்றாள்.

எல்லாரும் என்னைக் கொண்டாடுகிறார்கள் உமைரா. மகள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் வார்டு முழுக்க பூந்தி கொடுத்தாள். மேனேஜர் என் போட்டோவை ஆஸ்பத்திரி குரூப்பில் போட்டார்.

அன்று சாயங்காலம் இன்சார்ஜ் சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் புதுத் தாள் கொடுத்தாள். நாலு மணிக் கட்டத்தில் இருபது இருந்தால் கேள்வி வரும் இல்லையா? மத்தியானக் கட்டத்திலும் கொஞ்சம் குறைத்துப் போடச் சொன்னாள், கவனித்துக்கொண்டே இருந்த மாதிரி. நான் எழுதினேன். என் கையெழுத்தில், மூன்று வேறு வேறு பேனாவில். பழைய தாளைக் கிழிக்கச் சொன்னாள். கிழிக்கிற மாதிரி காட்டினேன், ஆனால் அது என் புத்தகத்துக்குள் இருக்கிறது.

மத்தியானம் அவளுக்கு மூச்சு எவ்வளவு இருந்தது? யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நான் பார்க்கவில்லை. ஆறு வருஷத்தில் இப்படி எத்தனை பேர்? பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு வாத்தியார் காலையில் எழுந்திருக்கவில்லையே, நினைவிருக்கிறதா? நாம் ஹார்ட் அட்டாக் என்றோம். அவருக்கு நான் என்ன எழுதியிருந்தேன்?

இப்போது மகள் கேஸ் பேப்பர் நகல் கேட்டிருக்கிறாள், வேறு டாக்டரிடம் காட்ட. அந்தப் பொய்த் தாளைத்தான் கொடுப்பார்கள். உண்மையைச் சொன்னால் அனுபவச் சான்றிதழ் தர மாட்டார்கள். அது இல்லாமல் பாஸானாலும் மஸ்கட் கிடையாது. சொல்லாவிட்டால் படிக்க முடியவில்லை. எந்தக் கேள்வியைப் படித்தாலும் ஆச்சி உதடு தெரிகிறது. என்ன செய்ய? சீக்கிரம் எழுது.

மாரி


கடையநல்லூர்
23 ஜூன் 2024

மாரி,

வாயை மூடிக்கொண்டு இரு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆச்சி பிழைத்துவிட்டாள். பிழைக்க வைத்தது நீ. நீ போய் எண்ணாவிட்டால் மகள் விசிறிக்கொண்டே இருந்திருப்பாள். அது போதாதா? தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தத் தாளை அடுப்பில் போடு. பரீட்சைக்கு மூன்றரை வாரம் இருக்கிறது. எழுது, பாஸாகு, கிளம்பு. மஸ்கட்டில் போய் ஒழுங்காக எண்ணு, யார் வேண்டாம் என்றது?

வாத்தியாரைப் பற்றி ஏன் கிளறுகிறாய்? ஹார்ட் அட்டாக்தான். அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இதற்கு மேல் இதைப் பற்றி எனக்கு எழுதாதே. எனக்கு பி.பி. இருக்கிறது.

உமைரா

27 ஜூன்

மாரி, மேலே எழுதியதை அனுப்பவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி. பி.பி. நூற்று எழுபது. இப்போது பரவாயில்லை. இங்கேயே படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் ஒரு நர்ஸ் வந்தாள், சின்னப் பெண். கதவுக்குப் பக்கத்திலேயே நின்று என் சார்ட்டை எடுத்தாள். பேனா நாலு தடவை அசைந்தது. என்னைத் தொடவில்லை. பார்க்கக்கூட இல்லை. "ஏட்டி, என்ன எழுதுன?" என்று கேட்டேன். "எல்லாம் நார்மல்தாங்க்கா" என்றாள். எழுந்து போய்ப் பார்த்தேன். இருபது. இன்னும் வராத நேரத்துக்கும் சேர்த்து.

மாரி, இந்தக் கட்டிலில் நான் செத்தாலும் அந்தத் தாளில் நான் நன்றாகத்தான் இருப்பேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வாட்சைப் பார்த்து எண்ணிக்கொண்டு நின்றாய். நான்தான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "இருபதுன்னு போடு, டயம் இல்ல" என்றேன். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. ரயிலில் நான் யாரைப் பார்த்து அப்படிச் சொன்னேன் என்று இங்கே படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். மன்னித்துவிடு.

மேலே எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. அப்படி எழுதியவளும் நான்தான், நீ தெரிந்துகொள். ஆனால் அதைக் கேட்காதே. போய்ச் சொல்லிவிடு. மகளிடம் அந்தத் தாளைக் கொடு. என் பெயரையும் சொல்ல வேண்டுமானால் சொல்.

உமைரா


தாராவி
5 ஜூலை 2024

உமைரா,

சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சொல்ல தைரியம் வரவில்லை. ஆச்சியை வீட்டுக்குக் கூட்டிப் போன பிறகு, தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் அவர்கள் வீட்டுக்கே போனேன். சந்து வாசலில் மூன்று தடவை திரும்பிவிட்டேன். மகள் என்னைக் கண்டதும் "வாங்க சிஸ்டர், காப்பி போடட்டா" என்று எழுந்தாள். அவள் காப்பி போட்டுக்கொண்டு வந்தால் என்னால் சொல்ல முடியாது என்று நின்ற வாக்கிலேயே சொன்னேன். பழைய தாளைக் கொடுத்தேன்.

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் தமிழ் வாசிப்பதே தட்டுத்தடுமாறித்தான், இங்கிலீஷ் சார்ட் என்ன புரியும்? எந்தக் கட்டம் என்று விரல் வைத்துக் காட்டினேன்.

"அப்போ பாக்காமயே எழுதிருக்கீங்க."

"ஆமா."

"அன்னைக்கு நாலு மணிக்கு எதுக்கு வந்தீங்க?"

"பரீட்சைக்குப் பழக."

"எங்கம்மாவப் பாக்க வரல."

இல்லை என்றேன். உள்ளே கட்டிலில் ஆச்சி "யாருட்டி வந்திருக்கது, காப்பி குடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மகள் கதவைத் திறந்து பிடித்தாள். நான் வெளியே வந்தேன்.

மறுநாள் அவள் தாளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். வரவேற்பு மேஜை முன்னால் நின்று போட்ட சத்தத்தில் மேனேஜர் இறங்கி வந்தார். இன்சார்ஜ் சிஸ்டர் தனக்கு எதுவும் தெரியாது என்றாள். எல்லாம் என் கையெழுத்துதானே. என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். சான்றிதழ் என்று வாயெடுத்தேன். மேனேஜர் கதவைக் காட்டினார். மகள் நர்ஸிங் கவுன்சிலுக்கு எழுதப் போகிறாளா என்று தெரியவில்லை. எழுதினால் என் ரெஜிஸ்டர் நம்பர் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. கதவு தட்டினாலே போஸ்ட்மேனோ என்று எட்டிப் பார்க்கிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை. முதல் நாள் நீ சொன்னாய், சரி. அதற்கப்புறம் ஆறு வருஷம் எழுதியது நான்தானே.

என் வீட்டுக்காரர் மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பரீச்ச பதினெட்டுதான? போய் எழுதிட்டு வா. அது நீ செஞ்சத ஒண்ணும் கேக்காது" என்றார்.

அதனால் படிக்கிறேன். வேலை இல்லை, பகல் முழுக்க மாட்டுங்கா பெஞ்சுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன், இதில் பெருமை எதுவும் இல்லை. கேள்விகள் இப்போது புரிகின்றன. "முதலில் என்ன செய்வாய்" என்றால் அந்த ஆளின் முகம் தெரிகிறது. ஆனால் பயம் மட்டும் போகவில்லை. போன தடவை பெயிலாகிவிடுவேனோ என்று பயம். இந்தத் தடவை பாஸாகிவிட்டால், என்னை நம்பி ஒரு கட்டிலைக் கொடுத்துவிடுவார்களே என்றும் பயமாக இருக்கிறது.

உன் பி.பி. எவ்வளவு? வீட்டுக்கு விட்டார்களா? தொட்டுப் பார்க்கிறார்களா?

மாரி


கடையநல்லூர்
12 ஜூலை 2024

மாரி,

ரொம்ப எழுத முடியாது, எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது.

வீட்டுக்கு விட்டார்கள், மறுபடி சேர்த்துவிட்டார்கள். இருபதாம் தேதி காலையில் குழந்தையை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். வலிப்பு வராமல் இருக்க ஆபரேஷனுக்கு முன்னாலும் அப்புறம் ஒரு நாள் முழுக்கவும் ஊசி ஏற்றுவார்களாம். எந்த ஊசி என்று உனக்குத் தெரியும், பரீட்சைக்குப் படித்த நம் நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தோம். கொஞ்சம் கூடினாலும் மூச்சு இறங்கும். மணிக்கு ஒரு தடவை எண்ண வேண்டும்.

அந்தச் சின்னப் பெண்ணிடம் கெஞ்சிப் பார்த்தேன். "அக்கா, முப்பது பேருக்கு நான் ஒருத்தி" என்று அழுதுவிட்டாள். அவளை என்ன சொல்ல? நானே ஒரு காலத்தில் அவள்தான். உம்மாவுக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, நான் அசையாமல் கிடந்தாலே அழ ஆரம்பித்துவிடுகிறாள். அல்தாப் பத்தொன்பதாம் தேதி வந்துவிடுவார், ஆனால் ரத்தம் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள். இப்போது என் மூச்சை நானே எண்ணிக்கொள்கிறேன். ஊசி ஏற்றிய பிறகு தூங்கிவிடுவேனே மாரி, அப்போது யார் எண்ணுவது?

நீ பரீட்சையை விட்டுவிட்டு வந்தால் உன் முகத்தில் முழிக்க மாட்டேன். சத்தியம். எழுதிவிட்டு வா. முடிந்தால் வா. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. துஆ செய், உங்கள் அம்மனிடமும் சொல்.

உமைரா


தாதர் ஸ்டேஷன்
18 ஜூலை 2024, சாயங்காலம்

உமைரா,

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். சென்டரை விட்டு வெளியே வந்ததும் போன் செய்தேன். உன் உம்மா எடுத்தாள். நீ மாத்திரை போட்டுத் தூங்குவதாகச் சொன்னாள். எழுப்ப வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இதை எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உன் கண்ணுக்குத் தெரியாவிட்டால் உம்மாவைப் படித்துக் காட்டச் சொல், அல்தாப் அண்ணனுக்குத் தமிழ் படிக்க வராது. உம்மா கண்ணுக்கும் தெரிகிற மாதிரி பெரிதாகத்தான் எழுதுகிறேன்.

பரீட்சையை விட்டுவிட்டு வரவில்லை. எழுதினேன். மூன்று மணி நேரம். மூலைக் கடிகாரத்தை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எழுபத்தொன்று. பாஸ். காகிதத்தைக் கையில் கொடுத்த பெண் "கங்கிராஜுலேஷன்ஸ் மேடம்" என்றாள். நான் அவளிடம் தாதருக்கு எந்த லோக்கல் ரயில் வேகமாகப் போகும் என்று கேட்டேன்.

சான்றிதழ் இல்லாமல் மஸ்கட்காரர்கள் என்ன சொல்வார்களோ, கவுன்சிலிலிருந்து என்ன வருமோ, அதையெல்லாம் வந்து பார்த்துக்கொள்கிறேன். ஒன்பதாம் கட்டில் ஆச்சியின் மகளுக்கு என் விலாசம் தெரியும். எழுதினால் எழுதட்டும், அது அவள் உரிமை.

என் வீட்டுக்காரர் துணிப்பையோடு இங்கே வந்து நிற்கிறார். திருநெல்வேலி வண்டி இன்னும் இரண்டு மணி நேரத்தில். ரிசர்வேஷன் இல்லை, கிடைத்த பெட்டியில் ஏறிவிடுவேன். சனிக்கிழமை காலையில் இறங்கி பஸ் பிடித்தால் பத்து பதினொரு மணிக்குள் அங்கே இருப்பேன். அதற்குள் உன்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருப்பார்கள்.

உம்மாவிடம் சொல், அழ வேண்டாம். அந்தச் சின்னப் பெண்ணை நான் வருகிற வரை, நான் வருகிற வரை மட்டும், மணிக்கு ஒரு தடவை உன் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்கச் சொல். நான் கெஞ்சிக் கேட்டதாகச் சொல். வந்ததும் அவளுடைய மற்ற கட்டிலை எல்லாம் நான் பார்த்துக்கொடுக்கிறேன்.

வெளியே கூட்டிக்கொண்டு வரும்போது நான் கதவுப் பக்கம் நிற்பேன். பிறகு நாற்காலியை உன் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொள்வேன். நீ பயப்படாமல் தூங்கு. நான் எண்ணுகிறேன்.

மாரி